பணம் கட்டினால் டாக்டர் பட்டமாம், வாங்கலாமா?

கேள்வி: நான் இசை நாடகத்தில் பபூன் வேஷம் கட்டுகிறவன். வயது 56. பதினெட்டு வயதில் மேடை ஏறினேன். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா எதுவானாலும் ராத்திரி முதல் ஆளாக வந்து கூட்டத்தை உட்கார வைப்பது என் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் கோயில் கமிட்டி போர்த்திய துண்டைத் தவிர ஒரு விருதும் கிடைத்ததில்லை. போன மாதம் சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்தார். கௌரவ டாக்டர் பட்டம் தருகிறோம், விழாச் செலவுக்கு நாற்பதாயிரம் கட்டுங்கள் என்றார். போஸ்டரில் 'டாக்டர்' என்று போட்டால் ரேட் கூடும் என்கிறான் மகன். மனைவி செயினை அடகு வைக்கவும் தயார். சிரிக்க வைக்கிறவனுக்கு மரியாதை இவ்வளவுதானா அம்மா? நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயா,

நாற்பதாயிரத்தைக் கட்டாதீர்கள். உங்கள் மனைவியின் செயின் அவர் கழுத்திலேயே இருக்கட்டும். அந்த அம்மாவின் மனசு எனக்குப் புரிகிறது. விடிய விடிய ஊர் சிரிக்க உழைத்த மனிதருக்கு ஒரு நாளாவது மாலை விழ வேண்டும் என்று அவர் நினைக்கிறார். அந்த ஆசையைத்தான் போன் செய்தவர் காசாக்கப் பார்க்கிறார்.

சட்டப்படி பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், அதற்கென அதிகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்கும் மட்டும்தான் உண்டு. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஓர் அறக்கட்டளையோ கவுன்சிலோ மண்டபம் பிடித்துக் கொடுக்கும் டாக்டர் பட்டம் வெறும் அச்சடித்த காகிதம். உங்களை மட்டும் குறிவைத்து இது நடக்கவில்லை. 2023-இல் ஓர் அமைப்பு சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கில் விழா வைத்துப் பலருக்கு இப்படிப் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டியலில் நடிகர் வடிவேலுவின் பெயரும் இருந்தது. தங்களுக்கும் அந்தப் பட்டங்களுக்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்துப் போலீசில் புகார் கொடுத்தது. பட்டம் வாங்கியவர்கள் நம்பி ஏமாந்தவர்கள், அவர்கள்மேல் குற்றமில்லை. அத்தனை பெரிய பெயர்களையே நம்ப வைத்தவர்கள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதில் ஆச்சரியமும் இல்லை.

உங்கள் மகனிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். அரசே கொடுக்கும் பத்ம விருதைக்கூடப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டம்போல் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, விலைக்கு வாங்கிய டாக்டரை நோட்டீஸில் போட்டு, நாளைக்கு எவனாவது 'எந்த யுனிவர்சிட்டி அண்ணே?' என்று மேடைக்குக் கீழே நின்று கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். முப்பத்தெட்டு வருஷம் கூட்டத்தின் கேலிக்கு உடனுக்குடன் பதில் சொல்லிப் பழகிய வாய் அந்த ஒரு கேள்விக்கு அடைத்துப் போக வேண்டுமா?

சிரிக்க வைக்கிறவனுக்கு மரியாதை இவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான்.

நாகேஷை எடுத்துக்கொள்வோம். தருமியாக அவர் புலம்பிய 'திருவிளையாடல்' படம் 1965-இல் வந்தது. இன்றைக்கும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் எழுந்து போக முடியாது. அதற்கு அன்று தேசிய விருது இல்லை. கொடுக்க மனமில்லை என்று சொல்வதற்கில்லை, அப்படி ஒரு பிரிவே அப்போது கிடையாது. நடிப்புக்கான தேசிய விருதுகள் 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கின. துணை நடிகருக்கென்று பிரிவு வந்தது 1984-இல். கடைசியில் அவருக்கு அந்த விருது கிடைத்தது 1994-இல் வந்த 'நம்மவர்' படத்துக்காக, அதுவும் மகளைப் பறிகொடுத்த அப்பாவாக நடித்ததற்கு. ஆயிரக்கணக்கான காட்சிகளில் நாட்டைச் சிரிக்க வைத்தவர், அழ வைத்தபோதுதான் நடிகராகக் கண்ணில் பட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு மூச்சுக்கட்டும் தாளக்கணக்கும் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். தேர்வுக் குழுக்களுக்கு அது எளிதில் தெரிவதில்லை.

2009 ஜனவரி 25 அன்று பத்ம விருதுகள் அறிவிக்கப்பட்டன. பத்மஸ்ரீ பட்டியலில் நகைச்சுவை நடிகர் விவேக் பெயர் வந்தது. தகுதியான மனிதருக்கு வந்த தகுதியான விருது. அதற்கு ஆறு நாள் கழித்து, ஜனவரி 31 அன்று, பத்ம விருது எதுவும் வாங்காமலே நாகேஷ் காலமானார். கலையில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதை விருதுப் பட்டியலை வைத்து அளக்கவே முடியாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு வாரம் போதும்.

உங்களுக்கு நெருக்கமானவர் மனோரமா ஆச்சி. மன்னார்குடியில் பிறந்து, பள்ளத்தூரில் வளர்ந்து, உங்களைப் போலவே நாடக மேடையில் தொடங்கியவர். ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காக 1985-இல் கின்னஸில் இடம்பெற்றார், 'புதிய பாதை' படத்துக்குத் தேசிய விருது, 2002-இல் பத்மஸ்ரீ. அவருக்கு எல்லாம் வந்தன. ஆனால் எப்போது வந்தன என்று பாருங்கள். முதல் படம் 1958-இல், பத்மஸ்ரீ அதற்கு 44 வருஷம் கழித்து. நடுவில் அவர் எந்த மண்டபத்துக்கும் பணம் கட்டிக் காத்திருக்கவில்லை, நடித்துக்கொண்டே இருந்தார்.

சினிமாக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. படச்சுருள் சாட்சி சொல்லும். உங்கள் கலைக்குச் சாட்சி விடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறது. உங்களுக்கு விருது வராததற்குத் திறமைக் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. உங்களைப் பற்றி ஒரு காகிதம்கூட உரிய மேசைக்குப் போயிருக்காது, அதுதான் காரணமாக இருக்கும். அதை நீங்கள் மாற்றலாம், காசில்லாமல்.

கலை பண்பாட்டுத் துறை, மாவட்டக் கலை மன்றம் வழியாக வயதுவாரியாக விருதுகள் கொடுக்கிறது. பதினெட்டு வயதுக்குள் கலை இளமணி, பிறகு வளர்மணி, சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. நீங்கள் கலை நன்மணிக்கு உரிய வயதில் இருக்கிறீர்கள். விண்ணப்பம் கேட்டு ஆட்சியர் பெயரில் பத்திரிகைச் செய்தி வரும். அதற்குக் காத்திருக்காமல் ஆட்சியர் அலுவலகத்தில் இப்போதே விசாரித்து வையுங்கள். கலைமாமணி விருது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் கையில் இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகையும் அதே மன்றம்தான் தருகிறது, அதைப் பற்றியும் சேர்த்துக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பத்ம விருதுக்கும் யார் வேண்டுமானாலும் யாரையும் இணையத்தில் பரிந்துரைக்கலாம். தன் பெயரைத் தானே அனுப்பவும் அனுமதி உண்டு. எதற்கும் முன்பணம் கேட்க மாட்டார்கள். யாராவது கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தோடு என்ன வைப்பது என்று மலைக்காதீர்கள். வீட்டுப் பரணில் பழைய நாடக நோட்டீஸ்கள் நிச்சயம் இருக்கும். உங்கள் பெயரும் தேதியும் ஊரும் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். நடிகர் சங்க அடையாள அட்டை, விழாப் படங்கள், நீங்கள் பழக்கிவிட்ட இளைய பபூன்கள் கைப்பட எழுதிய கடிதம், கூட ஆடிய ராஜபார்ட் (நாயகன் வேஷம்), ஸ்திரீபார்ட் (நாயகி வேஷம்) இரண்டு பேரின் கையெழுத்து, இவ்வளவும் வேண்டும். ரேட் கூட வேண்டும் என்ற மகனின் கவலை நியாயமானதே, அதனால் ஒரு வேலையை அவரிடம் விடுங்கள். அடுத்த நாடகத்தில் நீங்கள் வந்து நின்ற நிமிஷத்திலிருந்து டான்ஸ்காரப் பெண்ணோடு நடக்கும் தர்க்கம் முடியும்வரை, ஆர்மோனியமும் மிருதங்கமும் தெளிவாகக் கேட்கிற இடத்தில் நின்று செல்போனில் முழுசாகப் பிடிக்கட்டும். நாடக அமைப்பாளர்களுக்கு அனுப்பவும் அதுவே உதவும். 'டாக்டர்' என்ற எழுத்தைவிட அந்தப் பதிவு ரேட் பேச அதிகம் கைகொடுக்கும் என்று நம்புகிறேன்.

போன் செய்தவர் மறுபடி கூப்பிட்டால் அவர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சங்கத்தில் இன்னும் யார் யாருக்கு அந்த அழைப்பு வந்தது என்று விசாரியுங்கள். யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் ரசீதோடு காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். விண்ணப்பம் தயாரானதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், தேவையான இடத்தில் திருத்திக் கொடுக்கிறேன்.