முகாமில் போன் யார் கையில் இருக்க வேண்டும்?

கேள்வி: 11 முதல் 14 வயது வரையுள்ள முப்பது பிள்ளைகள் கொண்ட சாரணர் குழுவை நடத்துகிறேன். முடிச்சு, வரைபடம், பறவை அடையாளம் என்று பாடமெல்லாம் போனுக்கு வந்துவிட்டது. போனை அனுமதித்தால் கொஞ்ச நேரத்தில் கேம் ஆடப் போய்விடுகிறார்கள். தடுத்தால் பாடம் நடக்கவில்லை, பெற்றோரும் கோபப்படுகிறார்கள். இதற்கிடையில் ஒருவர் வந்து, எல்லாவற்றையும் ஒரே செயலியில் தருகிறேன், ஆண்டுச் சந்தா கட்டுங்கள் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சந்தா கட்டாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் போன் விஷயத்தைப் பார்ப்போம்.

வெளியிடத்தில் முப்பது பேருக்கு முப்பது போன் தேவைப்படுகிற வேலை எதுவும் இல்லை. ஆறேழு பேர் கொண்ட அணிக்கு ஒன்று போதும். அதுவும் யார் வீட்டிலாவது சும்மா கிடக்கும் பழைய போனாக, சிம் இல்லாததாக இருந்தால் நல்லது. கேமையெல்லாம் அழித்துவிட்டு, பாடத்துக்கு வேண்டியதை மட்டும் ஏற்றுங்கள். நாளுக்கு ஒரு பிள்ளை அதற்குப் பொறுப்பு. சொந்தப் போன்களை அணைத்து, பெயர் எழுதிய உறையில் போட்டு நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இதனால் கூச்சம் இருக்காது.

அடுத்தது, எதைப் போனில் கற்பது என்பது. வீடியோ பார்த்து முடிச்சு போடும் பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள். கயிற்றுக்கு இரண்டு கையும் வேண்டும், அதனால் போன் தரையில் கிடக்கும். பௌலின் முடிச்சில் கயிற்றின் நுனியைக் கண்ணிக்குள் விட்டு, நீண்ட பக்கத்தைச் சுற்றி, மறுபடி அதே கண்ணிக்குள் இறக்க வேண்டும். சரியாகச் சுற்றும் நேரத்தில் திரை அணைந்துவிடும். கயிற்றை விட்டுவிட்டு மண் விரலால் தட்டினால், வீடியோ எங்கோ தாவி நிற்கும். காட்டுபவர் எதிரே உட்கார்ந்திருப்பதால் இடம் வலமும் குழம்பும். நீங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை போட்டுக் காட்டினால் இத்தனை பாடு இல்லை. வீடியோவை முகாமுக்கு முந்தின வாரம் வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். வெளியில் கயிறு மட்டும் போதும்.

வெளியில் போன் உண்மையாகவே உதவுவது வரைபடத்துக்கும் உயிரினங்களை அடையாளம் காண்பதற்கும்தான். வேண்டியதை முன்கூட்டியே டவுன்லோட் செய்துவிட்டால் இரண்டுக்கும் இணையம் தேவையில்லை. ஜிபிஎஸ் நேராகச் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் சிக்னலோ சிம்மோ இல்லாமலும் இடத்தைக் காட்டும். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் இலவசச் செயலி. அந்தப் பகுதிக்கான தொகுப்பை ஏற்றிக்கொண்டால் குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும். செடிக்கும் பூச்சிக்கும் சீக் என்ற செயலி இருக்கிறது, அதற்குக் கணக்குத் தொடங்கவே வேண்டாம். ஆனால் காயையோ காளானையோ தின்னலாமா என்று எந்தச் செயலியையும் நம்பி முடிவு செய்யக் கூடாது.

பறவையைப் பார்த்ததும் போனை எடுக்க விடாதீர்கள். அலகு எப்படி, வால் எவ்வளவு நீளம், எங்கே உட்கார்ந்தது என்று நோட்டில் எழுதிய பிறகு எடுக்கட்டும். அருங்காட்சியகத்தில் நடத்தி 2014-இல் வெளியான உளவியலாளர் லிண்டா ஹெங்கலின் ஆய்வில், வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படமெடுத்த பொருள்கள் குறைவாகவே நினைவில் நின்றன. ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. ஆகவே முழு மரத்தை எடுக்காமல், ஓர் இலையின் நரம்பை எடுக்கச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் சாரணர் தலைமை அலுவலகங்களின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அச்சுக் கையேட்டை நிறுத்திவிட்டு நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு ஒரு பிடிஎஃப் அனுப்புகிறார்கள். அதைச் சின்னத் திரையில் எந்தப் பிள்ளை படிக்கும்? பேட்ஜ் வேண்டுமென்றால் ஒவ்வொரு வேலைக்கும் படம் ஏற்று என்கிறார்கள். தீ மூட்டுகிற பிள்ளை நெருப்பைப் பார்க்காமல் கேமராவைப் பார்க்கிறது. கூடவே இருந்து பார்த்த ஆசிரியரின் கையெழுத்தை நம்பாத முறை என்ன முறை? இதை எழுத்தில் கேளுங்கள். அதுவரை, தேவையான ஐந்தாறு பக்கத்தை அச்செடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு அணிக்கு ஒன்று கொடுங்கள். படத்தை நீங்களே எடுத்து அனுப்புங்கள். கேமராவில் இடம் பதிவாகும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பதும் படத்தோடு சேர்ந்து போகும்.

சரி, சந்தாக்காரர். இவரைப் போன்ற இடைத்தரகர்கள் விற்பதில் பெரும்பகுதி இலவசமாகக் கிடைக்கிற பொருள்தான். அட்டையை மாற்றி, ஒரு லாக்கின் போட்டுத் தருவார்கள். அவருக்கு அதைவிட மதிப்பானது உங்கள் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, படம், பெற்றோரின் எண். அந்தப் பட்டியல் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், சந்தா முடிந்தால் அழிப்பீர்களா என்று கேளுங்கள். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அதோடு அனுப்பிவிடுங்கள். அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலை இணையச் சேவைகள் திரட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 1998-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த வயது நாட்டுக்கு நாடு 13 முதல் 16 வரை. "எல்லாருக்கும் சேர்த்து நீங்களே டிக் செய்துவிடுங்கள் சார்" என்பார். பெற்றோருக்குப் பதிலாக நீங்கள் சம்மதம் கொடுக்க முடியாது. உங்களுக்கும் ஒரு பங்கு தருகிறேன் என்று பேச்செடுத்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

போனில் ஸ்கேன் செய்தால் பாடப் பக்கம் திறக்கும் என்று க்யூஆர் கோடுப் பலகை விற்பவர்களிடமும் கவனம் வேண்டும். பல க்யூஆர் கோடுகள் முதலில் அவர்களுடைய தளத்துக்குப் போய், அங்கிருந்துதான் உங்கள் பக்கத்துக்கு வரும். பணம் கட்டுவதை நிறுத்தினால் பாதையோரம் நட்ட பலகை அத்தனையும் வீண். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் முகவரியைப் பாருங்கள். உங்கள் பக்கத்தின் முகவரி வராமல் வேறு ஏதோ வந்தால் வாங்காதீர்கள்.

போனை வாங்கி வைப்பதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதை ஒவ்வொரு ஆசிரியரும் மனதில் வைக்க வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகள் சிலர் கையிலோ வயிற்றிலோ ஒரு சென்சார் ஒட்டியிருப்பார்கள். அது சர்க்கரை அளவை ப்ளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும், அளவு இறங்கினால் போன்தான் அலறும். அந்தப் போனை உறையில் போட்டு உங்கள் கூடாரத்தில் வைத்தால் எச்சரிக்கை யார் காதிலும் விழாது. தூங்கும்போதும் அது பிள்ளையின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள். ஏரோப்ளேன் மோடில் போட்டால் ப்ளூடூத் அணைந்துவிட்டதா என்று பாருங்கள். பவர் பேங்கில் முதல் உரிமை இந்தப் போனுக்கு. அலறினால் என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதைப் பெற்றோரிடம் எழுதி வாங்கி, உதவி ஆசிரியர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். "அவனுக்கு மட்டும் ஏன் போன்?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். அந்தப் பிள்ளைக்குச் சம்மதம் என்றால், முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

மீதி இருப்பது பெற்றோரின் கோபம். பிள்ளையைத் தொடர்புகொள்ள முடியாதே என்ற பயம்தான் அதற்குக் காரணம். உங்கள் எண், உதவி ஆசிரியரின் எண் இரண்டையும் கொடுத்து, கிளம்பும் முன் எல்லாரையும் ஒரு தடவை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகாமில் சிக்னல் இல்லை என்றால், தினமும் எத்தனை மணிக்குச் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து செய்தி அனுப்புவீர்கள் என்பதையும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.