பல் சிமெண்டும் உயிருள்ள எலும்பும்: கேள்வி-பதில்

கே: எம்.டி.ஏ. என்ற பல் சிமெண்டை ஊறவைத்த திரவத்தை எம்.ஜி-63 செல்கள்மேல் ஒரு நாள் விட்டேன். பாதிக்கு மேல் இறந்துவிட்டன. இந்தச் சிமெண்ட் எலும்புக்கு நச்சு என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

ப: கூடாது. கலந்து எத்தனை மணி நேரம் கழித்து ஊறப்போட்டீர்கள்? நீண்ட கடிதத்தில் அந்த விவரம் மட்டும் காணோம். எனக்கு வருபவற்றில் பாதி இப்படித்தான். எம்.டி.ஏ. இறுகவே மூன்று மணி நேரம் போல ஆகும். அதற்குள் பிஹெச் 10-இலிருந்து 12.5-க்கு ஏறிவிடும். அந்தக் காரத்தைச் செல் வளர்க்கும் தட்டின் சிறு குழிக்குள் அடைத்துவைத்தால் எந்தச் செல் பிழைக்கும்? உயிருள்ள எலும்பில் இரத்தமும் திசுநீரும் காரத்தைத் தணித்து அடித்துச் செல்கின்றன. திசுநீரின் பாஸ்பேட், சிமெண்ட் விடும் கால்சியத்தோடு சேர்ந்து, எலும்பின் தாதுவைப் போன்ற அபடைட்டாகப் படிகிறது. குழித்தட்டில் இரத்த ஓட்டம் ஏது? தவிர, எம்.ஜி-63 எலும்புப் புற்றிலிருந்து வந்த செல்வரிசை. அதை வைத்து நல்ல எலும்புக்காகப் பேசும்போது அடக்கம் வேண்டும். செல்களின் உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சுக்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் மருத்துவச் சாதனங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 10993-5 தரநிலை சொல்வது. அது முதற்கட்டச் சலிப்பு, தீர்ப்பு அன்று. ஒரு நாள் இறுகவிட்ட மாதிரியையும், அரை, கால் என நீர்த்த சாற்றையும் சேர்த்து மறுபடி செய்யுங்கள்.

கே: எலியின் தொடை எலும்பில் வைத்தோம். நான்கு வாரத்தில் சுற்றிலும் புது எலும்பு. சிமெண்ட் எலும்பை வளர்க்கிறது என்று கொள்ளலாமா?

ப: வெற்றுத் துளை ஒன்றை ஒப்பீட்டுக்கு விட்டீர்களா? எலி எலும்பில் சிறு துளை தானாகவே மூடிக்கொள்ளும்.

கே: முதல் வாரத்திலேயே துளையின் விளிம்பில் எலும்பு இறந்திருக்கிறது. சிமெண்டை நிறுத்திவிடலாமா?

ப: துரப்பணத்தைச் சந்தேகப்படுங்கள். 47 டிகிரி சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு கெடும். உப்புநீர் பாய்ச்சினீர்களா என்று எழுதவில்லை. வெற்றுத் துளையிலும் அதே சிதைவு இருந்தால் சிமெண்ட்மேல் பழி இல்லை. முதல் வார அழற்சி எதிர்பார்த்ததுதான். 12-ஆம் வாரத்தில் அது தணிந்து எலும்பு நேராக ஒட்டுகிறதா, நார்த்திசு உறை தடிக்கிறதா என்று பாருங்கள்.

கே: உயிருள்ள செல்கள் சாயத்தை ஊதாவாக்கும் எம்.டி.டி. சோதனையில் செல் இல்லாத குழியும் ஊதாவாகிறது. விட்டுவிடலாமா?

ப: விடாதீர்கள். சாறு மட்டும் உள்ள குழிகளின் அளவீட்டைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள்.

கே: பயோடென்டின் என்ற இன்னொரு பல் சிமெண்டையும் எம்.டி.ஏ.வையும் தனித்தனியே கலந்து அரை மணியில் ஒப்பிட்டேன். பயோடென்டின் வென்றது.

ப: ஒன்று 12 நிமிடத்தில் இறுகும், மற்றது அப்போது பச்சைக் களி. இரண்டையும் இறுகவிட்டு ஒப்பிடுங்கள். கலந்த நேரத்தை எழுதியதற்கு நன்றி.

கே: எம்.டி.ஏ.வில் முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமெண்ட்தானே? கடையில் ஒரு மூட்டை வாங்கினால் என்ன?

ப: வீடு கட்டுங்கள். எக்ஸ்ரேயில் தெரிய அதில் பிஸ்மத் ஆக்சைடு இல்லை. ஆர்சனிக் அளவுக்கும் யாரும் பொறுப்பில்லை.