பெல்லட் அடுப்பின் இக்னைட்டரைப் பாரிமுனையில் வாங்கிச் செல்லலாமா?

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள என் மகள் வீட்டில், மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை எரித்துக் குளிர் போக்கும் பெல்லட் அடுப்பு இருக்கிறது. அது இப்போது தானாகப் பற்றுவதில்லை, மின்சாரத்தில் சூடாகிக் குச்சிகளைப் பற்றவைக்கும் கம்பியான இக்னைட்டர் தேய்ந்துவிட்டதாம். அடுத்த மாதம் நான் அங்கே போகிறேன். மகள் அனுப்பிய படத்தைப் பார்த்த பாரிமுனைக் கடைக்காரர் ஒருவர், அதே அளவில் 300 வாட் கம்பியைப் பாதி விலைக்குச் செய்து தருவதாகச் சொல்கிறார். வாங்கிச் செல்லலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. கடைக்காரரின் வேலைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெந்நீர் போடும் ஹீட்டர் ராடில் இருப்பது போலவே இதிலும் உலோகக் குழாய்க்குள் நிக்ரோம் கம்பிதான் இருக்கிறது. அதை அவர் நன்றாகவே செய்து தரலாம். ஆனால் அவர் செய்வது நம் ஊர் 230 வோல்ட்டுக்கு; மகள் வீட்டில் வருவதோ 120 வோல்ட். 230 வோல்ட்டில் 300 வாட் தரும் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 176 ஓம் இருக்கும். அதையே 120 வோல்ட்டில் இணைத்தால் சுமார் 82 வாட்தான் கிடைக்கும் என்பதால், கம்பி சூடாவது போலத் தெரியும், குச்சி பற்றாது. 120 வோல்ட்டுக்கென்றே சொல்லிச் செய்து வாங்கினாலும், இங்கேயே ஒருமுறை சோதித்துப் பார்ப்போம் என்று நம் வீட்டு பிளக்கில் மட்டும் செருகிவிடாதீர்கள். 300 வாட் கம்பி 1,100 வாட்டை இழுத்து, கண்ணெதிரே சிவந்து எரிந்துபோகும். மேலும், மர வீடுகள் மிகுந்த ஊரில், சான்று பெற்ற அடுப்புக்குள் சான்றில்லாத ஒரு பாகத்தைப் பொருத்துவதை நான் மனமார எதிர்க்கிறேன். நாளை ஏதேனும் தீ விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைப் பற்றியதாக இருக்கலாம்.

அதற்கும் முன்னால், பழுது இக்னைட்டரில்தானா என்று பார்க்க வேண்டும். இந்தக் கம்பி குச்சிகளை நேரடியாகத் தொட்டு எரிப்பதில்லை. தன்னைச் சுற்றி ஓடும் காற்றைச் சூடாக்க, அந்தக் காற்று எரிகிண்ணத்தின் துளை வழியே போய்க் குச்சிகளைப் பற்றவைக்கிறது. துளையில் சாம்பல் இறுகியிருந்தால் புதுக் கம்பியும் தோற்றுப்போகும். அடுப்பு முழுவதும் ஆறிய பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிண்ணத்தைச் சுரண்டித் துளைகளைத் திறந்துவிடச் சொல்லுங்கள். அப்போதும் பற்றாவிட்டால், இக்னைட்டரின் இரண்டு ஒயர்களையும் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளக்கட்டும். 120 வோல்ட், 300 வாட் கம்பி என்றால் 48 ஓம் அளவில் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது என்று பொருள். ஒயருக்கும் உலோக உறைக்கும் இடையே தடை காட்டினால் மின்கசிவு; அதையும் மாற்றத்தான் வேண்டும்.

வாங்கும்போது படத்தை மட்டும் நம்பக் கூடாது. அடுப்பில் ஒட்டியிருக்கும் தகட்டின் மாடல் எண், பழைய கம்பியின் நீளம், விட்டம், வோல்ட், வாட் ஆகிய அனைத்தும் பொருந்த வேண்டும். திருப்பிக் கொடுக்க வசதியுள்ள அங்குள்ள கடையிலேயே, ஒன்றுக்கு இரண்டாக வாங்கி ஒன்றை எடுத்து வைக்கலாம். பனிக்காலத்தின் நடுவில் பாகம் வரக் காத்திருப்பது பெரும் அவதி.

எரியும் நேரத்தைவிட, எத்தனை முறை பற்றவைக்கப்படுகிறது என்பதே இந்தக் கம்பியைத் தேய்க்கிறது. தெர்மோஸ்டாட் அடுப்பை நாள்தோறும் பலமுறை அணைத்து ஏற்றுகிறதென்றால், கடுங்குளிர் மாதங்களிலாவது அணைக்காமல் தீயைத் தாழ்த்தி வைக்கும் முறைக்கு மாற்றலாம். அந்த வசதி பல மாடல்களில் உண்டு.

நீங்கள் போய்ச் சேரும் வரை வீடு குளிர வேண்டியதில்லை. கையேடு அனுமதித்தால், பெல்லட் அடுப்புக்கென்றே விற்கும் ஜெல்லைக் கிண்ணத்தில் சிறிதளவு இட்டுக் கையாலேயே பற்றவைத்து, உடனே கதவை மூடிவிடலாம். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஒரு சொட்டுகூடக் கூடாது. எரிந்துகொண்டிருக்கும்போதோ தணல் கிடக்கும்போதோ ஜெல்லை மறுபடி ஊற்றவும் கூடாது.