முகப் பயிற்சியால் கன்னம் நிறையுமா, கோடுகள் மறையுமா?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் 47 வயது வாசகி ஒருவர் கேட்கிறார்: “சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்துவதற்காகக் கடந்த ஓராண்டில் எட்டுக் கிலோ எடை குறைத்தேன். சர்க்கரை குறைந்தது, ஆனால் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. பார்ப்பவர்கள் எல்லாரும் ‘உடம்புக்கு என்ன?’ என்று விசாரிக்கிறார்கள். நெற்றியிலும் கண்ணோரத்திலும் கோடுகள் தெரிகின்றன. இன்னும் ஐந்து மாதத்தில், தையில், மகளுக்குத் திருமணம். முகப் பயிற்சி செய்தால் பலன் இருக்குமா? தாடைக்கென்று இணையத்தில் விற்கும் ரப்பர் கருவியை வாங்கலாமா?”

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எடை குறைத்தது மிகச் சரியான செயல். இரத்தத்தில் சர்க்கரை நீண்டகாலம் கூடுதலாக இருந்தால் தோலைத் தாங்கும் கொலாஜன் இழைகள் விறைத்துச் சிதைகின்றன. ஆகவே கன்னத்துக்காகப் பழைய எடைக்குத் திரும்ப வேண்டாம். பயிற்சியைப் பொறுத்தவரை, கன்னத்துக்கு ஓரளவு பலன் எதிர்பார்க்கலாம். நெற்றிக்கும் கண்ணோரத்துக்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் முகத் தசைகளின் அமைப்பு. கை கால் தசைகள் பெரும்பாலும் எலும்பிலிருந்து எலும்புக்குச் செல்பவை. முகபாவத்தைக் காட்டும் தசைகளோ பெரும்பாலும் தோலிலேயே வந்து முடிகின்றன. எனவே அவை சுருங்கும்போதெல்லாம், தசை ஓடும் திசைக்குக் குறுக்காகத் தோல் மடிகிறது. நெற்றித் தசை மேலும் கீழுமாக ஓடுவதால் அங்கே கோடுகள் கிடையாக விழுகின்றன. கண்ணைச் சுற்றியிருப்பது வளையத் தசை என்பதால் கண்ணோரக் கோடுகள் கதிர்களைப் போல் விரிகின்றன. போட்டாக்ஸ் ஊசி இந்தத் தசைகளைத் தளரச் செய்துதான் கோடுகளைக் குறைக்கிறது. அப்படியிருக்க, புருவத்தைத் தூக்கித் தூக்கி இறக்குவதும் கண்ணை இறுக்கி மூடுவதும் கோடுகளை ஆழப்படுத்தவே வாய்ப்பு அதிகம். கன்னத்தின் நிலை வேறு: அங்கே குறைந்திருப்பது தோலடிக் கொழுப்பின் பருமன் என்பதால், அடியில் உள்ள தசை சற்றுத் தடித்தால் அந்தக் குழிவு கொஞ்சம் ஈடுகட்டப்படலாம்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே அமைந்தது. 40 முதல் 65 வயது வரையிலான பெண்கள் முதல் எட்டு வாரம் தினமும் அரை மணி நேரமும், பிறகு இருபதாம் வாரம் வரை ஒருநாள் விட்டு ஒருநாளும் பயிற்சி செய்தார்கள். புகைப்படங்களைப் பார்த்து மருத்துவர்கள் மதிப்பிட்ட சராசரி வயது 50.8இலிருந்து 48.1ஆகக் குறைந்தது, மேல் கன்னமும் கீழ்க் கன்னமும் நிறைந்து தெரிந்தன. ஆனால் சேர்ந்த 27 பேரில் 16 பேர்தான் கடைசி வரை செய்தார்கள். பயிற்சி செய்யாத குழு ஒன்றுடன் ஒப்பிடவும் இல்லை. ஆகவே இதை நம்பிக்கை தரும் தொடக்கம் என்று கொள்ளலாம். இதைக் காட்டிக் கட்டண வகுப்பு விற்பவர்களுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. அந்த இருபது வாரமும் உங்கள் ஐந்து மாதமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் இன்றே தொடங்குங்கள்.

கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடி முன் உட்காருங்கள். வாயை நீள்வட்டமாகத் திறந்து, மேலுதட்டை மேல்பற்களின்மீது மடித்துப் போர்த்திக்கொள்ளுங்கள். அந்த நிலையிலேயே புன்னகை செய்தால் கன்னச் சதை கண்ணை நோக்கி உருண்டு எழுவது தெரியும். விரல் நுனிகளை அதன்மேல் லேசாக வையுங்கள். அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. கன்னத்தை மெதுவாக இறக்கி, மீண்டும் ஏற்றுங்கள். பத்து முறை செய்து, சற்று ஓய்வெடுத்து, மறுபடியும் செய்யலாம். கவனிக்க வேண்டியது கண்ணோரத்தை: அங்கே தோல் மடிந்தால் புன்னகையின் வேகத்தைக் குறையுங்கள். பருப்பு, முட்டை, மீன், தவ்ஹூ (சோயாக் கட்டி) என்று புரதம் போதிய அளவில் இல்லாவிட்டால் எந்தத் தசையும் வளராது.

கோடுகளுக்கு உண்மையான மருந்து வெயிலைத் தடுப்பதுதான். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே இருக்கும் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் நண்பகலையொட்டி புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருக்கின்றன. மேகமும் சன்னல் கண்ணாடியும் அவற்றை முழுமையாகத் தடுப்பதில்லை. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சுருக்கத்துக்கு முன்பே கருமையும் திட்டும்தான் முதுமையைக் காட்டும். கறுத்த தோலுக்கு சன்ஸ்கிரீன் எதற்கு என்று நம் வீடுகளில் இன்றும் கேட்கிறார்கள். அந்த எண்ணம் மாற வேண்டும். ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை ஆண்டு தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம் தோல் முதுமை 24 விழுக்காடு குறைவாக இருந்தது. சன்ஸ்கிரீனின் பாதுகாப்பு அளவைக் காட்டும் எஸ்பிஎஃப் எண் 30 அல்லது அதற்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீள அளவு, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபூச்சு என்பது கணக்கு. இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள வகை, திட்டுகளுக்குக் காரணமான கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். மெல்லிய கோடுகளுக்கு ட்ரெட்டினோயின் என்னும் வைட்டமின் ஏ வகைக் களிம்பை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கலாம். திருமணத்துக்கு முந்தைய வாரங்களில் புதிய ஃபேஷியல் எதையும் முயல வேண்டாம். எரிச்சல் வந்தால் கருந்திட்டாக நின்றுவிடும்.

ரப்பர் கருவியை வாங்காதீர்கள். அதைக் கடிக்கும்போது வளர்வது காதுக்குக் கீழே உள்ள மெல்லும் தசை. அது தடித்தால் முகத்தின் கீழ்ப்பகுதி அகன்று, மேலே இருக்கும் கன்னக் குழிவு இன்னும் எடுப்பாகத் தெரியும். தாடை மூட்டில் வலியும் சொடுக்கும் வரக்கூடும்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை: கடைவாய்ப் பற்கள் எல்லாம் இருக்கின்றனவா? அவை விழுந்திருந்தால் உள்ளிருந்து தாங்க ஏதுமின்றிக் கன்னம் குழிந்துபோகும். அதைப் பயிற்சியால் நிரப்ப முடியாது, பல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். அரசின் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் நீல, ஆரஞ்சு நிற சாஸ் (CHAS) அட்டை வைத்திருப்போருக்குப் பொய்ப்பல் பொருத்த மானியம் உண்டு. முயற்சி இல்லாமலேயே எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால், திருமண வேலைகள் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் உடனே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) சென்று மருத்துவரைப் பாருங்கள்.