சினைப்பன்னிக்கு போடறது குட்டிக்கு போய் சேருதா? இந்த வாரக் கேள்விங்க

கேத்தியில இருந்து: கடைசி மாசம் பூரா தாய்க்கு அயர்ன் டானிக் ஊத்துனேன் சார், அப்பவும் மூணாவது வாரத்துல குட்டிங்க வெளுத்துப் போய் மூச்சு வாங்குது?

டானிக் தாயோட நின்னுடுதுங்க, நஞ்சுக்கொடி வழியாவும் பால் வழியாவும் குட்டிக்கு போறது ரொம்ப கொஞ்சம். பொறக்கும்போது குட்டி உடம்புல இருக்கற அயர்னே சுமார் 50 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 7 வேணும், பால்ல கிடைக்கறது 1, அப்ப பத்து நாள்ல கையிருப்பு காலி. மூணாவது நாள் குட்டிக்கே 200 மில்லிகிராம் அயர்ன் ஊசி போட்டுடுங்க, டானிக் காசு மிச்சம்.

எமரால்டு பக்கம் ஒரு அக்கா: மார்க்கெட்ல கழிச்சு போடற கோஸ் தான் முக்காவாசி தீவனம். இந்த ஈத்துல செத்துப் பொறந்த குட்டிக்கு முடியே இல்ல, கழுத்து வேற வீங்கியிருந்துச்சு.

அக்கா, நீங்க சொல்றது அயோடின் குறை மாதிரி தான் இருக்கு, டாக்டர்கிட்ட ஒருதடவ காட்டிடுங்க. மழை அடிச்சுட்டுப் போற மலை மண்ணுல அயோடின் கம்மியா தான் இருக்கும், கோஸ் வேற இருக்கற அயோடின தைராய்டு எடுத்துக்க விடாது. கோஸ குறைச்சு, வேக வச்சு குடுங்க, அயோடின் இருக்கற தாது உப்பு கலவைய பாக்கெட்ல போட்ட அளவுக்கு சினை பூரா போடுங்க (பச்சை கட்டுன, முளை விட்ட உருளைக்கிழங்கும் வேண்டவே வேண்டாம்).

கோத்தகிரி தம்பி: ஈஸ்ட், வைட்டமின் ஈ போட்டா குட்டி சாகாதுன்னு கடைக்காரர் சொல்றார், நிஜமா?

பன்னி மனுஷங்க மாதிரி இல்ல தம்பி, எதிர்ப்புச் சக்தி வயித்துக்குள்ள இருக்கும்போது குட்டிக்கு போகாது, எல்லாம் சீம்பால்ல தான், அதுவும் 24 மணி நேரத்துல குடல் கதவ சாத்திக்கும். வைட்டமின் ஈ-யும் பெரும்பாலும் சீம்பால் வழியா தான் போகுது, அதனால அது வீண் இல்ல. ஈஸ்ட் குடுத்தா சீம்பால்ல எதிர்ப்புப் புரதம் கூடுதுன்னு சில ஆராய்ச்சில வந்திருக்கு, சிலதுல ஒண்ணுமே கூடல. என்னைக் கேட்டா மொதல்ல கோதுமை தவிடு. 114 நாள் சினைல கடைசி ரெண்டு வாரம் தவிட்ட கூட்டி தண்ணியும் தாராளமா வச்சா மலச்சிக்கல் வராது, மலச்சிக்கல் இருந்தா பிரசவம் இழுத்துக்கிட்டே போய் கடைசில வர்ற குட்டிங்க மூச்சு முட்டி செத்தே வெளிய வரும்.

இன்னொண்ணு, குட்டிக்கு மொத நாள் 34 டிகிரி சூடு வேணும். நான் ஒரு டிசம்பர்ல ஈஸ்ட் பாக்கெட் பாக்கெட்டா போட்டுட்டு ராத்திரி பல்பு ஃபியூஸ் போனத பாக்கல, காலைல வாய்க்குள்ள விரல விட்டா ஐஸ், நாலு குட்டி போச்சு. குளிர்ல விறைச்ச குட்டி காம்பத் தேடிப் போகாது, சீம்பால் எவ்ளோ நல்லா இருந்து என்ன.

குந்தா: பொறந்த பொட்டக் குட்டிங்களுக்கு பின்னாடி செவந்து வீங்கியிருக்கு, டாக்சின் பைண்டர் (தீவனத்துல இருக்கற நஞ்ச பிடிச்சுக்கற பொடி) போடவா?

மக்காச்சோள மூட்டைய மொதல்ல மோந்து பாருங்க. பூஞ்சை நஞ்சு தாய் வழியா போனா இப்படி ஆகும், களிமண் வகை பைண்டர் இந்த நஞ்ச அவ்ளோவா பிடிக்காது, அஃப்ளாடாக்சின்ங்கற வேற பூஞ்சை நஞ்சுக்கு தான் அது கேக்கும். மூட்டைய மாத்துங்க, சுவத்துல சாயாம பலகை மேல அடுக்குங்க.