முன்கை ஏன் முதலில் தளர்கிறது?

கேள்வி: நாள்தோறும் ஓடிப் பழகியவன் நான். ஆனாலும் பாறையேற்றப் பயிற்சியில், மூச்சு வாங்குவதற்கு முன்பே முன்கைகள் கல்லாக இறுகிப் பிடி நழுவிவிடுகிறது. ஏன்?

பதில்: விரல்களை வலுவாக மடக்கும் தசைகள் விரல்களில் இல்லை, அவை முன்கையில் இருந்துகொண்டு, நீண்ட தசைநாண்கள் வழியாக விரல்களை இழுக்கின்றன. ஓடும்போது கால் தசைகள் சுருங்கியும் தளர்ந்தும் இயங்குவதால் இரத்தம் தாராளமாகப் பாய்கிறது. பிடியைப் பற்றித் தொங்கும்போதோ, முன்கைத் தசைகள் தளராமல் இறுகியே நிற்பதால் உள்ளழுத்தம் உயர்ந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, ஆக்சிஜன் வரத்துக் குறைகிறது. உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவுக்குத் தேவையானதைவிட அதிகமாக இதயத் துடிப்பு எகிறுவதற்கும் இத்தகைய இறுக்கம் ஒரு காரணமாகும்.

ஓட்டப் பயிற்சி வீணன்று. எனினும் முன்கையின் தாங்குதிறனை அது வளர்க்காது. எடையைக் கால்களில் இறக்கி, வாய்ப்புள்ள இடங்களில் ஒவ்வொரு கையாகத் தொங்கவிட்டு உதறினால், அந்தச் சில நொடிகளில் இரத்தம் மீண்டும் பாயும்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். தசை விரைவில் வலுப்பெறும். தசைநாண்களும், அவற்றை விரலெலும்போடு அணைத்துப் பிடிக்கும் வளையத் திசுக்களும் மெதுவாகவே உறுதிப்படும். விரல் வலித்தால் அன்றைய ஏற்றத்தை நிறுத்திவிடுங்கள்.