18 வயதான மகன் டிரைவிங் ஸ்கூலில் கார் பழகுகிறான். வீட்டில் நாங்கள் தனியாக என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

எங்களுக்கு வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம். நான் நர்ஸ். இரவு டியூட்டிக்குப் போய்வர 15 வருஷமாகக் கார் ஓட்டுகிறேன். மகனுடைய அப்பா கல்ஃபில் இருப்பதால் அவனுக்குப் பழக்கிவிடும் பொறுப்பு என் தலையில் வந்தது. டிரைவிங் ஸ்கூல் மட்டும் போதுமா என்ற கேள்வியோடுதான் நானும் தொடங்கினேன். போதாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

ஸ்கூலில் வகுப்பெல்லாம் முடிந்த அன்று சாயங்காலம் எங்கள் ஆல்ட்டோவில் அவனை உட்கார வைத்தேன். தெருமுனைக்குப் போவதற்குள் நாலு தடவை வண்டி ஆஃப் ஆகிவிட்டது. "அந்தக் காரில் ஒரு தடவைகூட இப்படி ஆகலையே அம்மா" என்றான். ஸ்கூல் காரில் சொல்லிக் கொடுப்பவர் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். அது இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் அவர் கடைசி நாள் வரை அதில் இருந்து காலை எடுக்கவே இல்லை. பிள்ளை ஸ்டியரிங்கை மட்டும் திருப்பிவிட்டு வந்திருக்கிறான். அதனால் நீங்கள் ஒரு நாள் பின்சீட்டில் ஏறிப் போய்ப் பாருங்கள். "கிளட்சை அவனே பிடிக்கட்டும், பிரேக்குக்கு மட்டும் நீங்கள் இருந்தால் போதும்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) இருந்தால் வீட்டுக் காரிலும் பழகலாம். லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்து சீட்டில் இருக்க வேண்டும், முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எல் போர்டு ஒட்ட வேண்டும். எல்எல்ஆர் 6 மாதத்துக்குச் செல்லும், 30 நாள் ஆனதும் டெஸ்டுக்குப் போகலாம். எங்கள் பக்கம் எல்லோரும் 31-ஆம் நாளே போய் நிற்கிறார்கள். நான் ஐந்தாம் மாதம்தான் கூட்டிப் போனேன். அந்த இடைப்பட்ட நாட்களை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவதில் முக்கியமானது. தவறு செய்தாலும் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிற காலம் அது ஒன்றுதான்.

முதல் வாரம் முழுக்க சர்ச் மைதானத்தில் ஓட்டினோம். ஆக்சிலேட்டரைத் தொடவே விடவில்லை. முதல் கியர் போட்டு, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வண்டி லேசாக நடுங்கி நகரத் தொடங்கும் இடத்தைக் காலுக்குத் தெரிய வைப்பது மட்டும்தான் பாடம். அப்புறம் ஏற்றம். எங்கள் ஊர்களில் நூறடிக்கு ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் வரும், பின்னால் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்ச் பிடிக்கிற இடத்துக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக்கை விட்டு வண்டியை எடுக்கும் பழக்கம், ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளுகிற பயத்தைப் போக்கியது. பயம் போன பிறகுதான் பிள்ளை ரோட்டைப் பார்க்கத் தொடங்கினான். அதுவரை அவன் கண் கியரிலும் காலிலுமே இருந்தது.

நான் அதிகம் மெனக்கெட்டது இந்தக் கண்ணுக்காகத்தான். கிளட்சும் கியரும் யாருக்கும் ஒரு மாதத்தில் பழகிவிடும். ரோட்டில் அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்கிற கண் அப்படித் தானாக வராது. திருவட்டாறு ரோட்டில் போகும்போது, "கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டு மக்களே" என்றேன். முதலில் வெட்கப்பட்டான். பிறகு சொல்ல ஆரம்பித்தான்: இடது பக்கம் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது, ஏறி வரலாம். முன்னால் வளைவு, அந்தப் பக்கம் தெரியவில்லை. கடை வாசலில் நாய்.

மூன்றாம் வாரம் அதே ரோட்டில் ஸ்டாப்பில் ஒரு பஸ் நின்றிருந்தது. "பஸ் நிற்குது, ஆள் இறங்குது, முன்னால் இருந்து யாராவது குறுக்கே வரலாம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது கியருக்கு வந்தான். சொல்லி வாய் மூடவில்லை, பஸ்ஸின் முன்பக்கத்தில் இருந்து யூனிஃபார்ம் போட்ட ஒரு சின்னப் பிள்ளை தலையைக் குனிந்தபடி ஓடி வந்தது. வண்டி அலுங்காமல் நின்றது. பிள்ளை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. அவன் கொஞ்ச நேரம் வண்டியை எடுக்கவில்லை, நானும் எடுக்கச் சொல்லவில்லை.

பக்கத்தில் உட்காருகிற நமக்கும் ஒரு பயிற்சி வேண்டும். ஆரம்பத்தில் ஒரு தடவை நான் பதறிப்போய் "பாத்து!" என்று கத்திவிட்டேன். எதைப் பார்க்க என்று தெரியாமல் அவன் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டான், பின்னால் வந்த பைக் நூலிழையில் விலகிப் போனது. அன்றோடு கத்துவதை விட்டேன். என்ன செய்ய வேண்டுமோ அதை 100 மீட்டர் முன்னாலேயே சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். "முன்னால் ஜங்ஷன், மூன்றாவது கியருக்கு வா." அவ்வளவு போதும். தப்பைப் பற்றிய பேச்செல்லாம் வண்டியை ஓரம் கட்டிய பிறகு.

அடுத்தது நெடுஞ்சாலை. மார்த்தாண்டத்தில் இருந்து களியக்காவிளை வரை ரோட்டோரம் முழுக்கக் கடைதான். கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகிற டாரஸ் லாரிகள், பஸ்கள், நடுவில் புகுந்து வரும் பைக்குகள். அங்கே இரண்டே இரண்டு விஷயம் சொன்னேன். லாரியின் பக்கக் கண்ணாடி உனக்குத் தெரியவில்லை என்றால் அந்த டிரைவருக்கு நீ தெரியவில்லை. முன்னால் போகும் வண்டி ஒரு கரண்ட் கம்பத்தைத் தாண்டியதும் நிதானமாக மூன்று எண்ணு, நீ அதற்கு முன்பே அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் ரொம்ப ஒட்டிப் போகிறாய் என்று அர்த்தம். மழையில் ஐந்து எண்ண வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறோம். மூன்று நொடி போனைப் பார்த்தால் 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். இந்தக் கணக்கை அவனையே போடச் சொன்னேன். நான் ஓட்டும்போது போனை எடுப்பதையும் அன்றோடு நிறுத்திவிட்டேன், ஏனென்றால் சிறு வயதில் இருந்தே பின்சீட்டில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டு வந்தவன் அவன்.

நம் மாவட்டத்துக்கென்று தனியாகப் பழக்க வேண்டியவையும் உண்டு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று காரையே தள்ளும். பெரிய லாரியைத் தாண்டும்போது காற்று மறைந்து, தாண்டி முடித்த நொடியில் பக்கவாட்டில் மோதும். ஒரு கையால் ஸ்டியரிங் பிடிக்கிற பிள்ளை அங்கே தடுமாறிவிடும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும், வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்ட ரோடுகளில் கோடை கழிந்து பெய்கிற முதல் மழை ரொம்ப மோசம். தூசி, எண்ணெய், சருகு எல்லாம் சேர்ந்து வழுக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் பிடிக்கக் கூடாது. அந்த ரோடுகளிலேயே விடிவதற்கு முன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் சைக்கிளில் போவார்கள், பல சைக்கிளில் பின்விளக்கு இருக்காது. சிவராத்திரி நாட்களில் சிவாலய ஓட்டம் போகிறவர்கள், அதாவது 12 சிவன் கோவில்களுக்கு ஓடியே போய்க் கும்பிடுகிறவர்கள், காவி உடுத்து, கையில் விசிறியோடு இரவெல்லாம் ரோட்டில் ஓடுவார்கள். அந்த இரவு புதிதாகப் பழகுகிறவர் கையில் காரைக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் 18 ஆகாத தம்பியோ தங்கையோ இருந்தால் இதையும் கேளுங்கள். ப்ளஸ் ஒன் படிக்கும்போது என் மகனும் ஸ்கூட்டர் கேட்டு அழுதான். 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்குத்தான் அனுமதி, கடையில் விற்கிற பெட்ரோல் ஸ்கூட்டரெல்லாம் அதற்கு மேல். சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருஷம் வரை ஜெயிலும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. அபராதத்தை விடுங்கள். கேஷுவாலிட்டிக்கு ஹெல்மெட் இல்லாமல் கொண்டு வரப்படும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எவ்வளவு அழுதும் சாவியைக் கொடுக்கவில்லை.

சின்னப் பழக்கங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று. காரை நிறுத்தியதும் டிரைவர் பக்கக் கதவை இடது கையால் திறக்கச் சொல்லுங்கள். இடது கை கதவுக்குப் போனால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.

லைசென்ஸ் வந்த பிறகு முதல் 6 மாதம் கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்றேன். கோபத்தில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. நாலு பிள்ளைகள் சேர்ந்தால் பாட்டும் பேச்சும் ஏறும், கூடவே வேகமும் ஏறும். இப்போது தனியாக நாகர்கோவில் வரை போய்வருகிறான். போய்ச் சேர்ந்ததும் அவன் கூப்பிடுவான். வழியில் நான் கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், அந்த முக்கால் மணி நேரம் நானும் அவனைக் கூப்பிடுவதில்லை.